பேச்சு வந்துவிட்டது, பாடம் வரவில்லை

(புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பள்ளி, பல்கலைக்கழகப் படிப்பு குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

எட்டு வயதில் புது நாட்டுக்கு வரும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வருடத்தில் அந்த ஊர் மொழியைச் சரளமாகப் பேசுகிறது. விளையாட்டுத் திடலில் சண்டை போடுகிறது, அப்பாவுக்கு வரும் தொலைபேசி அழைப்பை எடுத்துப் பதில் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பள்ளியும் தனி மொழி வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறது. அடுத்த இரண்டு வருடத்தில் அறிவியலிலும் வரலாற்றிலும் மதிப்பெண் சரிகிறது. உடனே பள்ளியிலும் வீட்டிலும் ஒரே தீர்ப்பு: "நன்றாகத்தானே பேசுகிறான், படிக்கத்தான் சோம்பல்." இந்தத் தீர்ப்பு தவறானது. பல பிள்ளைகளின் படிப்பு இதனால் பாழாகியிருக்கிறது. ஏன் தவறு, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

டொராண்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979இல் ஒரு வேறுபாட்டை வரையறுத்தார். அன்றாடப் பேச்சு மொழி ஒன்று. பாடப்புத்தக மொழி வேறொன்று. முதலாவது இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். எதிரில் இருப்பவரின் முகம், கை அசைவு, சூழ்நிலை எல்லாம் அதற்கு உதவுகின்றன. இரண்டாவதற்கு அந்த உதவி எதுவும் கிடையாது. தாளில் இருக்கும் எழுத்து மட்டும்தான். அதில் உடன் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று அவர் காட்டினார். 2000இல் கெஞ்சி ஹகுட்டாவும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவில் செய்த ஆய்வும் நான்கு முதல் ஏழு வருடம் என்றே சொல்கிறது. தாய்மொழியில் பள்ளிப் படிப்பே இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு ஏழு முதல் பத்து வருடம்கூட ஆகலாம் என்பது தாமஸ், காலியர் என்ற இரு ஆய்வாளர்களின் கணக்கு.

ஏன் இவ்வளவு காலம்? உள்ளூர்ப் பிள்ளைகளும் நின்று காத்திருப்பதில்லை. அவர்களும் ஒவ்வொரு வருடமும் ஒரு வருடப் பாடம் முன்னேறுகிறார்கள். பின்னால் இருந்து புறப்பட்ட பிள்ளை ஒரு வருடத்தில் ஒன்றரை வருட முன்னேற்றம் காட்ட வேண்டும், அதையும் ஆறு வருடம் விடாமல் காட்ட வேண்டும். அப்போதுதான் சமமாக வந்து நிற்கும். இதை ஒரு பிள்ளை செய்து முடித்தால், அது வகுப்பிலேயே மிக அதிகம் உழைத்த பிள்ளை. மதிப்பெண் பட்டியலில் அந்த உழைப்பு தெரிவதில்லை. பெற்றோருக்காவது தெரிய வேண்டும்.

சொற்களின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 95 சொல் தெரியும் என்றால், அந்தப் பக்கத்தில் தெரியாத சொல் 15. கேட்க நல்ல விகிதம்தான். ஆனால் அந்தப் பதினைந்தில்தான் பெரும்பாலும் பாடத்தின் உயிர் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு நூலைத் துணையில்லாமல் படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்கிறார் சொல் கற்றலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பால் நேஷன். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்ததுதான் ஒரு சொற்குடும்பம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் இருக்கின்றன. கல்வி சார்ந்த எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவைதான். எந்தத் துறை நூலை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருபவை அவை. அன்றாடப் பேச்சில் அவை அதிகம் வராது. அதனால் விளையாட்டுத் திடலில் எத்தனை வருடம் பேசினாலும் அவை தானாக ஒட்டிக்கொள்ளாது. உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது? ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். முதலாவதில் சொல். இரண்டாவதில் அந்தச் சொல் வந்த பாடப்புத்தக வாக்கியம், முழுதாக. மூன்றாவதில் தமிழில் பொருள். நான்காவதில் பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம். ஒரு நாளைக்கு எட்டு சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பிப் பார்க்காத சொல் தங்காது. வாரம் ஐந்து நாள், வருடத்துக்கு 40 வாரம் என்றால் 1,600 சொல். பெரும்பாலோர் செய்யும் பிழை, இரண்டாவது கட்டத்தை விட்டுவிட்டுச் சொல்லையும் பொருளையும் மட்டும் மனப்பாடம் செய்வது. அப்படிப் படித்த சொல் தேர்வுத்தாளில் வேறு வடிவில் வந்தால் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.

"கணக்குக்கு மொழி வேண்டாம், அதில் நம் பிள்ளை தப்பித்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். கூட்டல் பெருக்கல் வரைக்கும் சரி. வாசகக் கணக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. ஒரு கேள்வி: "ரவியிடம் 20 புத்தகம் இருக்கிறது. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. மாலாவிடம் எத்தனை?" புது மொழியில் இதைப் படிக்கும் பிள்ளை 20, 5, 'குறைவு' என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 15 என்று எழுதும். விடை 25. பிள்ளைக்குக் கழித்தல் தெரியாததால் வந்த பிழை இல்லை இது. 'இது' என்பது எதைக் குறிக்கிறது என்று வாக்கியத்தைத் தொடர முடியாததால் வந்தது. இங்கே இன்னும் ஐம்பது கழித்தல் கணக்கு கொடுப்பது வீண். எண்களை மறைத்துவிட்டு, "யாரிடம் அதிகம்?" என்று மட்டும் கேளுங்கள். ரவிக்கு ஒரு கோடு, மாலாவுக்கு ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். யாருடைய கோடு நீளம் என்பது சரியாக வந்த பிறகு எண்களைத் திறக்கலாம்.

எண்களை எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். நாம் 1,00,000 என்று எழுதுவது பல நாடுகளில் 100,000. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி. 3,14 என்றால் அங்கே மூன்று தசமம் ஒன்று நான்கு. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் புள்ளி வைப்பார்கள். நெடு வகுத்தலில் வகுஎண்ணை எந்தப் பக்கம் எழுதுவது என்பதுகூட வேறுபடும். இதற்கெல்லாம் தனிப் பயிற்சி தேவையில்லை. முதல் வாரத்தில் ஆசிரியரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். யாரும் உட்காரவில்லை என்றால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு பருவம் முழுக்கச் சிவப்பு மையில் மதிப்பெண் வாங்கும்.

இனிச் சேர்க்கைக்கு வருவோம். பள்ளியில் சேரும் உரிமை பிள்ளைக்கு உரியது. பெற்றோரின் விசாவைப் பொறுத்தது என்று நினைத்துப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளை உள்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக நடத்தச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 28ஆம் பிரிவில் எல்லாக் குழந்தைக்கும் கல்வி என்கிறது. ஆவணமில்லாத பிள்ளைகளிடம் டெக்சாஸில் ஒரு பள்ளி மாவட்டம் வருடத்துக்கு 1,000 டாலர் கேட்டபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில் அது செல்லாது என்றது. அதற்கு எட்டு வருடம் முன்பே லாவ் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் எந்த மொழி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டது தவறு என்று அதே நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மொழி உதவி கேட்கும்போது சலுகை கேட்பதாகக் கூச்சப்படாதீர்கள்.

புறப்படும் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசி மூன்று வருட மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் பாடத்திட்டம். இவற்றோடு கடைசி வருடக் கணக்கு நோட்டும் அறிவியல் நோட்டும். நோட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சேர்க்கை மேசையில் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மொழி புரியாவிட்டாலும் சமன்பாடு புரியும். எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னெழுத்தை விரித்து எழுதும்போது ஓரிடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் முதற்பெயராகவும் மாறிப் பதிவாகிவிடும். பத்து வருடம் கழித்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில்தான் அது கழுத்தைப் பிடிக்கும்.

பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது? வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் என்று கேளுங்கள். "மொழி தெரியாது, இரண்டு வகுப்பு கீழே போடுகிறோம்" என்பது பரிவாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் தெரிந்த பாடத்தையே திரும்பப் படிக்கும், நட்பு அமையாது, பள்ளி முடிக்கும்போது வயது கூடியிருக்கும், பாதியில் நிற்கும் வாய்ப்பும் கூடும். போர், முகாம், நீண்ட பயணம் காரணமாகச் சில வருடம் பள்ளிக்கே போகாத பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு எழுத்தறிவும் அடிப்படைக் கணக்கும் சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்பு வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த இரண்டு வகையினருக்கும் தனித்தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. படிப்பு இருந்து மொழி இல்லாதவர், படிப்பே விட்டுப்போனவர் இருவரையும் ஒரே அறையில் வைத்தால் முன்னவர் சலித்துப்போவார், பின்னவர் மூழ்கிப்போவார்.

முதல் சில மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். இந்த மௌன காலம் சில வாரம் முதல் ஆறு மாதம் வரையும், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தலையாட்டுகிறதா, படத்தைச் சுட்டுகிறதா, சொன்ன இடத்துக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறதா என்று பாருங்கள். இந்த மௌனத்தைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. 1970இல் கலிபோர்னியாவில் டயானா வழக்கு இதைப் பற்றித்தான். ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு வைத்திருந்த மதிப்பெண் எல்லைக்கு மேலே இருந்தார்கள். உங்கள் பிள்ளையைச் சோதிக்கிறோம் என்று பள்ளி சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: முதலில் கண்ணும் காதும் பார்த்தாயிற்றா, சோதனை தாய்மொழியில் நடக்குமா, இந்தச் சிரமம் தாய்மொழியிலும் இருக்கிறதா. தமிழில் கதையைக் கோர்வையாகச் சொல்லும் பிள்ளைக்குக் குறைபாடு புது மொழியில் மட்டும் முளைக்காது. தமிழிலும் அதே தடுமாற்றம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு உதவி சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுப் புது மொழியில் பேசச் சொல்லும் ஆலோசனை இன்னும் சில இடங்களில் வருகிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசும் தாயால் பிள்ளைக்கு "ஏன்", "எப்படி" என்று எதையும் விளக்க முடியாது. வீட்டுப் பேச்சு கட்டளைகளாகச் சுருங்கிவிடும். ஒரு மொழியில் புரிந்த பாடத்தை இன்னொரு மொழியில் மறுபடி புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒளிச்சேர்க்கை என்ன என்று தமிழில் தெரிந்த பிள்ளைக்குப் புதுப் பெயர் மட்டும்தான் தேவை. பாடம் நடக்கும் முந்தின நாளே அதே பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு அல்லது கேட்டுவிட்டுப் போனால் வகுப்பில் பாதி சுமை இறங்கிவிடும். புது மொழி எழுத்தே தெரியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம்: தினமும் பத்து நிமிடம், இன்று படித்ததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறதோ அங்கேதான் பாடம் ஓட்டை.

ஆண்டி குரோவை இங்கே சொல்ல வேண்டும். 1936இல் புடாபெஸ்டில் பிறந்தவர். நான்கு வயதில் வந்த காய்ச்சலால் செவித்திறன் பெரிதும் குறைந்தது. சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சிக்குப் பின் இருபது வயதில் ஹங்கேரியை விட்டுத் தப்பி, 1957இல் அமெரிக்கா சேர்ந்தார். 1960இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் வேதிப் பொறியியல் பட்டம், 1963இல் பெர்க்லியில் முனைவர் பட்டம். பிறகு இன்டெல் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தார். இதை மேதைமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. இரண்டு விஷயம் கவனியுங்கள். வேதியியலை அவர் ஏற்கெனவே ஹங்கேரிய மொழியில் நன்றாகப் படித்திருந்தார். அது எல்லை தாண்டி அவரோடு வந்தது. அந்தக் கல்லூரி 1976 வரை கட்டணம் வாங்கவில்லை. திறமையோடு, திறந்திருந்த ஒரு வாசலும் அவருக்குக் கிடைத்தது. பொதுக் கல்விக்கு நிதி குறைக்கப்படும்போது குரல் கொடுக்க வேண்டியவர்கள் புலம்பெயர்ந்தோர்தான் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் இடம் அடுத்த ஆபத்து. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், ஏறக்குறைய பத்து வயதில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளியா வேறா என்று பிரிக்கிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. எட்டு வயதில் வந்த பிள்ளைக்குப் பத்து வயதில் புத்தக மொழி வந்திருக்காது என்பது மேலே சொன்ன கணக்கிலேயே தெரிகிறது. வேறு நாடுகளில் இந்தப் பிரிப்பு சத்தமில்லாமல், ஒன்பதாம் வகுப்பில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் நடக்கும். எளிய கணக்கைத் தேர்ந்தெடுத்தால் பிறகு பொறியியல் பக்கம் போக முடியாது என்று அந்தப் படிவத்தில் எழுதியிருக்காது. எனவே எட்டாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். "இந்தப் பாடத்தை எடுத்தால் எந்தப் படிப்புகளின் கதவு மூடும்?" என்று கேளுங்கள். அந்தச் சந்திப்புக்குப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போகாதீர்கள். தன்னைப் பற்றிய குறையைப் பெற்றோரிடம் மொழிபெயர்க்க வேண்டிய பிள்ளை என்ன சொல்லும்? ஒரு வாரம் முன்பே பள்ளியிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பல பள்ளிகள் ஏற்பாடு செய்யும்.

பதினைந்து, பதினாறு வயதில் வருபவர்களுக்கு வருடக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. ஐந்து வருடம் தேவை, கையில் மூன்று வருடம்தான். வட அமெரிக்காவின் பல இடங்களில் 20 அல்லது 21 வயது வரை பள்ளியில் இருக்கலாம். கூடுதலாக ஒரு வருடம் எடுப்பது தோல்வி என்று எண்ணி, அவசரமாகக் குறைந்த மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறார்கள்; அந்த மதிப்பெண்தான் பிறகு கூடவே வருகிறது. ஒன்டாரியோவில் பள்ளிப் பட்டயத்துக்கு 30 பாட அலகுகள் வேண்டும். சொந்த நாட்டில் படித்த வருடங்களுக்கும் அலகு மதிப்பிட்டுத் தருவார்கள், ஆவணம் இருந்தால். பள்ளியில் தவறவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் சமூகக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம். பிரிட்டனில் 1969இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு முன் தகுதி கேட்பதில்லை. ஜெர்மனியில் மாலைநேரப் பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகத் தகுதி பெறலாம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே குடியேற்ற நிலையைச் சரிபாருங்கள். உள்நாட்டு மாணவர் கட்டணமா, வெளிநாட்டு மாணவர் கட்டணமா என்பது பல மடங்கு வித்தியாசம். கலிபோர்னியாவில் 2001இல் வந்த சட்டம், அங்கே மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கொடுத்தது; இது போன்ற விதிகள் இடத்துக்கு இடம் வேறு. மொழித் தேர்வு எழுதப் பணம் கட்டும் முன், விலக்கு உண்டா என்று கேளுங்கள். அந்த மொழியிலேயே சில வருடம் பள்ளியில் படித்திருந்தால் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன.

பல்கலைக்கழகத்தில் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் கட்டுரை. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் நல்ல மாணவன் என்று பழகிய கை, அங்கே கருத்துத் திருட்டு என்று குற்றஞ்சாட்டப்படும். பிறர் வாக்கியம் என்றால் மேற்கோள் குறி, பிறர் கருத்து என்றால் மூலம். இரண்டும் முதல் பயிற்சிக் கட்டுரையிலிருந்தே பழக வேண்டும். கட்டுரையின் முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். நம் பழக்கத்தில் கடைசியில் வரும் முடிவு அங்கே தொடக்கத்தில் எதிர்பார்க்கப்படுகிறது. எழுத்து உதவி மையம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இலவசம். கெடுவுக்கு முந்தின நாள் போனால் எழுத்துப்பிழைதான் திருத்த முடியும்; பத்து நாள் முன்பு போனால் வாதத்தையே திருத்தலாம்.

பேராசிரியர் அறைக்குப் போகக் கூச்சப்படுவது இன்னொன்று. வாரத்தில் குறித்த நேரம் அவர்கள் மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது வாரத்திலேயே போங்கள். "எதுவும் புரியவில்லை" என்று சொன்னால் அவரால் உதவ முடியாது, "ஐந்தாம் பக்கத்தில் இந்தப் படியிலிருந்து அடுத்த படி எப்படி வந்தது?" என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அவர்தான். நூறு பேர் வகுப்பில் முகம் தெரியாத மாணவருக்கு மதிப்பெண்ணை மட்டும் சொல்லும் இரண்டு வரிக் கடிதம்தான் கிடைக்கும். மூன்றாம் வருடத்துக்குள் ஓர் ஆய்வகத்திலோ ஆய்வுத் திட்டத்திலோ சேர்ந்திருந்தால் அந்தக் கடிதத்தின் கனமே வேறு. வட அமெரிக்காவில் அறிவியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, உதவித்தொகையும் தருவார்கள். "மேலே படிக்க நம்மிடம் பணம் இல்லை" என்று விசாரிக்காமலேயே நின்றுவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்து வந்தால் உடனே படிப்பை மாற்றச் சொல்லாதீர்கள், உறவினர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண் பட்டியலில் தோல்வி பதியாமல் விலக்கிக்கொள்ள ஒரு கடைசித் தேதி இருக்கும். இடைத்தேர்வுத் தாள் திரும்பி வந்ததும், அந்தத் தேதிக்கு முன்பாக, கல்வி ஆலோசகரிடம் நேரம் வாங்கச் சொல்லுங்கள். ஐந்து பாடத்தை நான்காகக் குறைத்து, விட்டதைக் கோடைப் பருவத்தில் எடுத்துக்கொள்ள முடியும். அப்படிக் குறைக்கும்போது உதவித்தொகைக்குத் தேவையான குறைந்தபட்சப் பாட எண்ணிக்கைக்குக் கீழே போய்விடுகிறதா என்பதை நிதி உதவி அலுவலகத்தில் அதே நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும்.